பொது மின்சாரமா, தனி மின்சாரமா?
போவன்பள்ளிக் காய்கறிச் சந்தை காட்டும் கணக்கு

மின்சாரத்தை உபயோகிப்போர் இரு வகையினர். ஊரெங்கும் ஓடும் பொது மின்தொடரிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டு, மாதந்தோறும் கட்டணம் செலுத்துவோர் ஒரு வகையினர். தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தமது இடத்திலேயே தாமே உண்டாக்கிக் கொள்வோர் மற்றொரு வகையினர். முன்னாளில் இரண்டாம் வகையினர் மிகச் சிலரே. மின்கம்பி எட்டாத மலைத் தோட்டங்களும், தனித்த ஆலைகளும், கடலில் செல்லும் கப்பல்களுமே அவ்வாறு செய்து வந்தன. இன்று சூரிய ஒளிப் பலகைகளும், திறன் மிக்க பேட்டரிகளும், சாண எரிவாயு போன்ற உயிர்வாயு நிலையங்களும் பெருகிவிட்டபடியால், நகரத்தின் நடுவே இருப்போருங்கூட, “பொது மின்சாரம் போதுமா, தனி மின்சாரம் வேண்டுமா?” என்று வினவத் தொடங்கியுள்ளனர்.

இவ்வினாவுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் விடை காணும் முறை ஒன்று உண்டு. அம்முறை சக்கரங்களின்மேல் நகரும் ஒரு சிறு வீட்டுக்கும், ஆயிரக்கணக்கானோர் கூடும் ஒரு பெரிய சந்தைக்கும் ஒன்றேயாகும். ஹைதராபாத் நகரைச் சேர்ந்த போவன்பள்ளிக் காய்கறிச் சந்தை இதற்குச் சிறந்த உதாரணமாக அமைகிறது.

சந்தையும் அதன் விளக்குகளும்

போவன்பள்ளி, சிகந்திராபாத்தின் வடமேற்கே நாகபுரி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி. இங்குள்ள டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் காய்கறிச் சந்தை மொத்த வியாபாரத்துக்கு உரியது. மொத்தச் சந்தையின் வேலை நேரம் சாதாரணக் கடையின் வேலை நேரம் அன்று. லாரிகள் நள்ளிரவில் வரும். மூட்டைகள் இருளில் இறங்கும். விடியுமுன்னர் எடை போட்டு விலை பேசி முடித்தாக வேண்டும். பொழுது ஏறினால் கீரை வாடும், தக்காளி கனியும், விலை இறங்கும்.

ஆகவே சந்தைக்கு மின்சாரம் ஓர் அலங்காரம் அன்று. தராசு காட்டும் எடையை விவசாயி தன் கண்ணால் காண வேண்டுமாயின் விளக்கு எரிய வேண்டும். மூட்டை சுமக்கும் தொழிலாளி வழுக்கி விழாதிருக்கவும் விளக்கு வேண்டும். தரையைக் கழுவுவதற்கும், வந்தவர் குடிப்பதற்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட வேண்டும். அரை மணி நேர இருட்டு, பெருமுதலாளிக்குச் சிறு தொல்லை. ஒரே ஒரு வண்டிச் சரக்குடன் வந்தவனுக்கோ அன்றைய வருமானமே அதில் அடங்கியிருக்கக்கூடும்.

இச்சந்தையில் மற்றொரு பிரச்சினையும் இருந்தது. நாள்தோறும் சுமார் 10 டன் காய்கறிக் கழிவு சேர்ந்தது. கோசின் புறவிதழ்கள், முள்ளங்கித் தழை, அழுகிய தக்காளி, விற்காது போன கத்தரிக்காய் ஆகியவை யாவும் முன்னர் குப்பைமேட்டுக்கே அனுப்பப்பட்டு வந்தன. குப்பைமேட்டின் உட்பகுதியில் காற்றுப் புகாமல் அழுகும் இப்பொருள்கள் மீத்தேன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. இவ்வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்க்குமிடத்து, சம எடையுள்ள கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறக்குறைய 28 மடங்கு பூமியின் வெப்பத்தை உயர்த்தும் ஆற்றல் உடையது.

ஒருபுறம் மின்சாரத் தேவை. மறுபுறம் எரியக்கூடிய வாயுவை வீணே வெளிவிடும் கழிவு. இவ்விரண்டையும் இணைக்கும் நிலையம் ஒன்று மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, தெலங்கானா வேளாண் விற்பனைத் துறை ஆகியவற்றின் நிதியுதவியுடன் சந்தை வளாகத்தில் அமைந்தது. தொழில்நுட்பத்தை அளித்தது, விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிலையம். 1944 இல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் ஆராய்ச்சிச் சாலையாகத் தொடங்கி, 1956 இல் கவுன்சிலுடன் இணைந்த பழம்பெரும் நிலையம் அது. 2021 ஜனவரி 31 ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தமது வானொலி உரையில் போவன்பள்ளிச் சந்தையைக் குறிப்பிட்டதை அடுத்து, நாடெங்கும் இதன் பெயர் பரவியது.

அப்போது வெளியான விவரங்களின்படி, 10 டன் கழிவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோகிராம் எரிவாயுவும் கிடைத்தன. மின்சாரம் நூற்றுக்கு மேற்பட்ட தெருவிளக்குகளுக்கும், 170 கடைகளுக்கும், நிர்வாகக் கட்டடத்துக்கும், தண்ணீர் விநியோகத்துக்கும் பயன்பட்டது. எரிவாயு சந்தையின் சிற்றுண்டிச்சாலை அடுப்புக்குச் சென்றது.

இவ்வெண்களின் பொருள் யாது? இவற்றைக் கொண்டு பொது மின்சாரத்தை அறவே விட்டுவிடலாமா? இதனை அறிவதற்கு முன் இரண்டு அளவுகளைத் தெளிவாகப் பிரித்து அறிதல் வேண்டும்.

வாட்டும் யூனிட்டும்

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது பலர் வாட்டையும் யூனிட்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகின்றனர். வாட் என்பது மின்சாரம் செலவாகும் வேகம். யூனிட் என்பது செலவான மொத்த அளவு. குழாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது ஒன்று. மாலைக்குள் எத்தனை குடம் நிரம்பியது என்பது வேறொன்று.

ஆயிரம் வாட் உள்ள ஒரு சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். ஒன்பது வாட் எல்.ஈ.டி. விளக்கு அதே ஒரு யூனிட்டைக் கொண்டு 111 மணி நேரம் எரியும். 2,000 வாட் மின்னடுப்போ அதனை அரை மணியில் விழுங்கிவிடும்.

தனி மின்சாரத்தைத் திட்டமிடுவோன் இவ்விரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும். நாள் முழுவதற்கும் எத்தனை யூனிட் வேண்டும்? எல்லாச் சாதனங்களும் ஒருங்கே ஓடும் நேரத்தில் எத்தனை வாட் வேண்டும்? முதற்கேள்வி எரிபொருளின் அளவையும் பேட்டரியின் அளவையும் நிர்ணயிக்கிறது. இரண்டாம் கேள்வி யந்திரத்தின் பருமனை நிர்ணயிக்கிறது. ஒன்றுக்கு மட்டும் விடை கண்டு மற்றொன்றை மறந்தவர்கள், நிறைந்த பேட்டரியை அருகில் வைத்துக்கொண்டே மோட்டார் ஓடவில்லையே என்று திகைக்க நேரும்.

மேலும், மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கமான அளவைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் இயல்புடையது. பொது மின்தொடர் பல ஆயிரம் யந்திரங்களின் வலிமையைத் தன் பின்னே கொண்டிருப்பதால் இவ்வதிர்ச்சியை எளிதில் தாங்குகிறது. தனியாக நிற்கும் சிறு யந்திரம் அந்தக் கணத்தில் திணறும்; விளக்குகள் மங்கும்.

சிறிய உதாரணம்: நகரும் வீடு

கணக்கின் முறையை முதலில் ஒரு சிறிய உதாரணத்தில் காண்பது நன்று. சமையல், படுக்கை வசதிகளுடன் கூடிய வண்டியில் ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் மேனாடுகளில் நெடுங்காலமாக உண்டு. இந்தியாவிலும் கேரள அரசு 2021 இல் இதற்கெனத் தனித் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2022 இல் வாகமண் மலைப்பகுதியில் இத்தகைய கேரவன் வண்டிகள் தங்குவதற்கான பூங்காவும் திறக்கப்பட்டது. பூங்காவில் நிறுத்தினால் கம்பியை மாட்டி 230 வோல்ட் பொது மின்சாரத்தைப் பெறலாம். காட்டோரத்தில் நிறுத்தினால் தன் கூரையிலுள்ள ஒளிப்பலகையையும் தன் பேட்டரியையுமே நம்ப வேண்டும்.

அவ்வண்டியில் ஒன்பது வாட் விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிகின்றன எனக் கொள்வோம். செலவு 180 வாட் மணி. முப்பது வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 240. சிறு குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு 600. கைபேசி, வானொலி ஆகியவற்றுக்கு 80. அறுபது வாட் தண்ணீர்ப் பம்பு அரை மணி நேரம் ஓட 30. ஆக மொத்தம் 1,130 வாட் மணி. அதாவது ஏறக்குறைய ஒன்றே கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

தக்காணப் பீடபூமியில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது. கூரைமேல் 300 வாட் பலகை ஒன்று இருந்தால், நட்டங்களுக்கெனக் கால் பங்கைக் கழித்துவிட்டு, 1,125 வாட் மணி கிடைக்கும். தேவையும் வரவும் ஏறக்குறையச் சமம். பேட்டரியைப் பொறுத்தவரை, 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி கொண்ட ஈயப் பேட்டரி 1,200 வாட் மணி கொள்ளும் எனினும், அதன் ஆயுளைக் காக்க வேண்டுமாயின் பாதி அளவே எடுத்தல் தகும். எனவே வெயிலே இல்லாத ஒரு நாளைத் தாண்ட இரண்டு பேட்டரிகள் வேண்டும். மழைக்காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடினால், தேவையைக் குறைத்துக் கொள்ள வேண்டும். அல்லது மின்கம்பி உள்ள இடத்துக்கு வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டும்.

இதுவரை தனி மின்சாரமே போதுமானதாகத் தோன்றுகிறது. ஆனால் அதே வண்டியில் 1,000 வாட் குளிர்காற்றுச் சாதனம் ஒன்றைப் பொருத்திவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. அது நின்று நின்று ஓடினாலும் ஓர் இரவுக்குச் சுமார் ஐந்து யூனிட் செலவாகும். ஐந்து யூனிட்டைத் தர ஒன்பது ஈயப் பேட்டரிகள் வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ எடை எனில், பேட்டரி மட்டுமே 270 கிலோ. அதனை நிரப்பக் கூரைமேல் மேலும் ஐந்து பலகைகள் வேண்டும், கூரையிலோ இடமில்லை. ஆகவே விளக்கும் விசிறியும் போதும் என்போருக்குத் தனி மின்சாரம். குளிர்காற்று வேண்டுவோருக்குப் பொது மின்சாரம். மின்சாரத்தின் வகையை நிர்ணயிப்பது விருப்பமன்று, தேவையின் அளவே என்பது இதனால் விளங்கும்.

நுண்ணுயிர்களின் ஆலை

சந்தையின் நிலை இதனின்றும் ஓர் அம்சத்தில் வேறுபடுகிறது. வண்டி தன் எரிபொருளை வானத்திலிருந்து பெறுகிறது. சந்தையோ தன் எரிபொருளைத் தன் தரையிலிருந்தே பொறுக்கி எடுக்கிறது.

சதுப்பு நிலத்துச் சேற்றைக் கிளறினால் எழும் குமிழி எரியும் தன்மையுடையது என்பதை 1776 இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா ஆராய்ந்தறிந்தார். 1897 இல் பம்பாயின் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் கழிவுப் பொருள்களிலிருந்து எடுக்கப்பட்ட வாயு விளக்குக்குப் பயன்பட்டது. 1950 களில் ஜஷ்பாய் படேல் என்பார் உருவாக்கிய மிதக்கும் கலம் கொண்ட சாண எரிவாயு அமைப்பைப் பின்னர் கதர் கிராமத் தொழில் கமிஷன் கிராமங்களில் பரப்பிற்று. போவன்பள்ளி நிலையம் அம்மரபின் நகரத்து வாரிசு எனலாம்.

முதலில் கழிவிலிருந்து பிளாஸ்டிக், கயிறு, கல் முதலியவை பிரிக்கப்படுகின்றன. பின்னர் கழிவு நகரும் பட்டையின் வழியே சென்று, சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுக் கூழாக்கப்படுகிறது. கூழ் காற்றுப் புகாத கலத்தில் செலுத்தப்படுகிறது. அங்கே நான்கு படிகளில் வேலை நடக்கிறது. முதற்படியில் மாவுப்பொருளும் நாரும் புரதமும் நீரில் கரையும் எளிய பொருள்களாக உடைகின்றன. இரண்டாம் படியில் அவை பல்வேறு அமிலங்களாகின்றன. மூன்றாம் படியில் அவ்வமிலங்கள் அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. நான்காம் படியில் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இவற்றை உட்கொண்டு வாயுவை வெளியிடுகின்றன. வரும் வாயுவில் ஐந்தில் மூன்று பங்கு மீத்தேன். எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு.

இந்நான்கு படிகளும் ஒரே வேகத்தில் நடைபெற வேண்டும் என்பதில்தான் இரகசியம் உள்ளது. அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் விரைவானவை; கடினமானவை. மீத்தேன் நுண்ணுயிர்கள் மெதுவானவை, மிக மென்மையானவை. அவற்றுக்குச் சுமார் 35 டிகிரி வெப்பமும், அமிலமும் காரமும் மிகாத நடுநிலையும் வேண்டும். காய்கறிக் கழிவு சாணத்தைப் போன்றதன்று. வெகு விரைவில் புளிக்கக்கூடியது. ஒரு நாள் அளவுக்கு மீறிக் கழிவைக் கொட்டினால் அமிலம் பெருகும், மீத்தேன் நுண்ணுயிர்கள் செயலற்றுப் போகும், கலம் ‘புளித்துவிடும்’. அதனை மீண்டும் சீர்ப்படுத்த வாரக்கணக்கில் ஆகலாம்.

போவன்பள்ளியில் கையாளப்பட்ட முறை வாயு உயர்த்து முறை எனப்படும். வாயுவின் மேலெழும் விசையைக் கொண்டே கலத்திலுள்ள கூழ் சுழற்றிக் கலக்கப்படுகிறது. இதனால் நுண்ணுயிர்களுக்கும் உணவுக்கும் இடையே நெருக்கம் மிகுந்து, சிதைவு விரைவாகவும் சீராகவும் நடக்கிறது. எஞ்சும் கூழ் சிறந்த எரு. காய்கறி விளைந்த நிலத்திலிருந்து வெளியேறிய சத்தின் ஒரு பகுதி, எருவாக மீண்டும் நிலத்துக்கே செல்ல இயலும்.

எண்கள் ஒத்து வருகின்றனவா?

ஒரு நிலையத்தைப் பற்றிக் கூறப்படும் எண்களை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் கணக்கிட்டுப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி.

காய்கறிக் கழிவில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு தண்ணீரே. எனவே 10 டன் கழிவில் திடப்பொருள் ஒன்று அல்லது ஒன்றரை டன்தான். ஒரு டன் பச்சைக் கழிவு ஏறக்குறைய 40 கனமீட்டர் வாயு தருமெனக் கொண்டால், 10 டன்னுக்கு 400 கனமீட்டர். ஒரு கனமீட்டர் உயிர்வாயுவை எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் ஆறு யூனிட்டுக்குச் சமம். ஆனால் யந்திரம் வெப்பம் முழுவதையும் மின்சாரமாக மாற்ற இயலாது. நூற்றுக்கு 28 பங்கு மாறினால் ஒரு கனமீட்டரிலிருந்து 1.7 யூனிட் கிடைக்கும். எனவே 400 கனமீட்டருக்கு 680 யூனிட் என்பது உச்ச அளவு. இதிலிருந்து சமையலுக்குச் செல்லும் வாயுவைக் கழிக்க வேண்டும். தினமும் கழிவின் தரம் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் கருத வேண்டும். ஆகவே 500 யூனிட் என்பது பொருத்தமான அளவே, மிகைப்படுத்தியது அன்று.

இக்கணக்கை எளிதில் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. பத்து டன்னுக்கு 500 யூனிட் எனில், இருபது கிலோ கழிவுக்கு ஒரு யூனிட். ஒரு கூடைக் கோசுத்தழை, ஓர் எல்.ஈ.டி. விளக்கைப் பத்து இரவுகளுக்கு மேல் எரிய வைக்கிறது.

அடுத்து வாட் கணக்கு. 500 யூனிட்டை உண்டாக்க யந்திரம் பத்து மணி நேரம் ஓடுமாயின், அதன் சராசரி வலிமை 50 கிலோவாட். நூறு தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் 40 வாட் என்று கொண்டால், அவற்றுக்கு 4 கிலோவாட். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 48 யூனிட். 170 கடைகளும் கடைக்கு ஒரு யூனிட் வீதம் செலவிட்டால் 170. இவை இரண்டும் சேர்ந்து 218 யூனிட்டே. எஞ்சியது அலுவலகத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் உதவும். விளக்கும் விசிறியும் சிறு மோட்டாரும் கொண்ட சந்தைக்கு 500 யூனிட் அற்பமன்று. ஆனால் காய்கறியைக் காக்கும் பெருங்குளிர் அறைகளை இதன்மேல் ஏற்றினால், நகரும் வீட்டில் குளிர்காற்றுச் சாதனத்தை ஏற்றிய கதையே ஆகும்.

சேமிப்பின் சிறப்பு

தனி மின்சாரத்தின் பெருந்தொல்லை சேமிப்பு. பகலில் கிடைப்பதை இரவுக்கு வைத்திருக்க வேண்டும். சந்தையின் சுறுசுறுப்பு இரவிலும் விடியலிலும் இருப்பதால், சூரிய ஒளியை மட்டும் நம்பினால், ஏறக்குறைய அனைத்தையும் பேட்டரியில் அடைத்துவைக்க நேரும்.

இங்கேதான் உயிர்வாயு தனது மேன்மையைக் காட்டுகிறது. வாயுவை ஓர் உறையில் நிரப்பி வைத்திருந்து, வேண்டும்போது யந்திரத்துக்கு விடலாம். நூறு கனமீட்டர் வாயுவில் 170 யூனிட் மின்சாரம் அடங்கியிருக்கிறது. இதே அளவைப் பாதி வரையே எடுக்கத்தக்க ஈயப் பேட்டரிகளில் சேமிக்க வேண்டுமாயின், மேலே கண்ட அளவுள்ள பேட்டரிகள் ஏறக்குறைய 280 வேண்டும். அவற்றை வாங்குவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் எளிதன்று. வாயு உறையோ மலிவானது.

ஆனால் நூறு கனமீட்டர் என்பது ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு. சந்தையில் இதற்கு இடம் உண்டு, வண்டியில் இல்லை. எனவே வண்டிக்குப் பேட்டரியும், சந்தைக்கு வாயு உறையும் தகுந்தவை. ஓரிடத்துக்கு ஏற்றது மற்றோரிடத்துக்கு ஏற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கம்பியைத் துண்டிக்கலாமா?

இனி மூல வினாவுக்கு வரலாம். இத்தகைய நிலையம் கொண்ட சந்தை பொது மின்சாரக் கம்பியை அறவே துண்டித்துவிடலாமா?

துண்டிப்பதற்குத் தடையாக மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, கழிவின் வரவு ஒரே சீரானதன்று. பண்டிகை விடுமுறையில் சந்தை மூடினால் கழிவும் இல்லை. காய்கறி மலிந்த மாதத்தில் கழிவு குவியும். விலை ஏறிய மாதத்தில் குறையும். இரண்டாவது, நுண்ணுயிர்களின் நிலைமை. கலம் ஒருமுறை புளித்துவிட்டால் பல நாட்களுக்கு வாயு கிடைக்காது. மூன்றாவது, யந்திரத்தின் பராமரிப்பு. உயிர்வாயுவில் சிறிதளவு கலந்துள்ள கந்தக ஹைட்ரஜன் யந்திரத்தின் உலோகப் பகுதிகளை அரித்துவிடும். அதனை இரும்புத்தூள் போன்ற பொருள்களின் வழியே செலுத்தி நீக்க வேண்டும். எண்ணெயையும் அடிக்கடி மாற்ற வேண்டும். அந்நாட்களில் யந்திரம் நின்றுதான் ஆக வேண்டும்.

இத்தடைகள் யாவற்றையும் தாண்டி முழுத் தனிமையை நாடினால், இரண்டாம் யந்திரம், இரண்டாம் கலம், டீசல் இருப்பு என்று செலவு பெருகிக்கொண்டே போகும். தேவையின் முதற்பாதியைத் தனி மின்சாரத்தால் நிறைவேற்றுவது எளிது. கடைசிப் பத்தில் ஒரு பங்கை நிறைவேற்றுவதே கடினமும் செலவும் மிக்கது. அந்தக் கடைசிப் பங்குக்குப் பொது மின்தொடரைப் போன்ற மலிவான காப்பு வேறில்லை.

மறுபுறம், பொது மின்சாரத்தை மட்டும் நம்பினால் கழிவு குப்பைமேட்டுக்கே போகும். அதனை ஏற்றிச் செல்லும் லாரிக்கூலியும் தொடரும். மீத்தேன் காற்றில் கலக்கும். மின்தடை நேரும்போது சந்தை இருளில் மூழ்கும். எனவே இரண்டையும் இணைத்துக் கையாளுவதே அறிவுடைமை. தனி யந்திரம் அன்றாடச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். பொது மின்தொடர் குறைவை நிரப்ப வேண்டும். மின்தடை ஏற்படும் நேரத்தில் வாயு உறையிலுள்ள சேமிப்பு விளக்குகளையும் எடைமேடைகளையும் காக்க வேண்டும். சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் 2005 இல் நாளொன்றுக்கு 30 டன் கழிவை ஏற்கும்படி அமைந்த நிலையமும், தன் மின்சாரத்தைப் பொது மின்தொடருடன் இணைக்கும் வகையிலேயே திட்டமிடப்பட்டது.

உயிர் காக்கும் ஏற்பாடுகள்

இரு வகை மின்சாரமும் ஓரிடத்தில் சேரும்போது ஒரு பேராபத்து தோன்றுகிறது. இது பலரும் அறியாதது. பொது மின்சாரம் தடைப்பட்ட நேரத்தில் கம்பம் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளி, கம்பியில் உயிரில்லை என்று நம்பியே கை வைக்கிறான். அவ்வேளையில் சந்தையின் தனி யந்திரத்திலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்தால், தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் அதனைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். அதன் விளைவை விவரிக்க வேண்டுவதில்லை. ஆகையால் இரண்டு மின்சாரமும் ஒருங்கே சேர இயலாதபடி தடுக்கும் மாற்று விசை கட்டாயம் வேண்டும். இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டுமாயின், பொது மின்சாரம் நின்ற கணத்திலேயே தனி யந்திரத்தைத் தானே பிரித்துவிடும் கருவியும், மின் விநியோக நிறுவனத்தின் அனுமதியும் இன்றியமையாதவை.

தனி யந்திரம் பொது மின்சாரத்துக்கு ஒத்த தாளத்தில் சுழலவும் வேண்டும். நமது நாட்டில் மாறுமின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சிகளை முடிக்கிறது. நான்கு துருவங்கள் கொண்ட மின்னாக்கி இதற்காக நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுழல வேண்டும். வேகம் தவறினால் மோட்டார்கள் சூடேறிக் கெடும்.

வண்டிக்கும் சந்தைக்கும் பொதுவான வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. ரப்பர் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டியின் உலோக உடல் தரையுடன் தொடர்பற்றது. பொது மின்சாரத்தை மாட்டும்போது சரியான தரைத்தொடர்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்பு விசையும் இல்லையேல், கதவுப் பிடியைத் தொட்டவர் அதிர்ச்சிக்கு ஆளாகலாம். எரிபொருள் யந்திரத்தை மூடிய வண்டியினுள்ளோ மூடிய அறையினுள்ளோ ஓட்டுதல் கூடாது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும். வாயுக் கலத்தின் அருகே பீடி, தீக்குச்சி ஆகியவற்றை அனுமதித்தல் ஆகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றைச் சுருக்கிக் கூறின், தேர்வுக்கு ஐந்து படிகள் உண்டு. ஒவ்வொரு சாதனத்தின் வாட்டையும் நேரத்தையும் பெருக்கி, நாள் ஒன்றின் யூனிட்டைக் காணுதல் முதற்படி. ஒரே நேரத்தில் ஓடும் சாதனங்களின் மொத்த வாட்டையும், மோட்டார் தொடங்கும் அதிர்ச்சியையும் காணுதல் இரண்டாம் படி. தன் இடத்தில் இயற்கையாகக் கிடைக்கும் எரிபொருள் எது, அது மிகக் குறையும் மாதத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று அறிதல் மூன்றாம் படி. சேமிப்புக்கு உரிய இடமும் எடையும் தன்னிடம் உண்டா என்று பார்த்தல் நான்காம் படி. மின்சாரம் நின்றால் நேரும் இழப்பு எத்தகையது, அதனைத் தாங்குபவர் யார் என்று எண்ணுதல் ஐந்தாம் படி.

ஐந்தாம் படியை விஞ்ஞானக் கணக்கில் சேர்ப்பானேன் என்று சிலர் வினவலாம். சுற்றுலா வண்டியில் விளக்கு அணைந்தால் ஓர் இரவு வசதி குறையும். சந்தையில் அணைந்தால், ஊரிலிருந்து மூட்டையுடன் வந்தவனின் எடையும் விலையும் இருளில் நிர்ணயமாகும். எனவே முன்னவர் ஒரே வழியை நம்பியிருக்கலாம். பின்னவருக்கு இரண்டு வழிகள் வேண்டும்.

பொது மின்சாரத்தை வெறுத்து ஒதுக்கும்படி போவன்பள்ளி நிலையம் எவருக்கும் கூறவில்லை. நேற்றுவரை கூலி கொடுத்து வெளியேற்றப்பட்ட பொருளே இன்றைய விளக்குக்கு எரிபொருளாகும் என்பதையே அது மெய்ப்பித்தது. காய்கறிச் சந்தை இல்லாத நகரம் நம் நாட்டில் இல்லை. கழிவு சேராத சந்தையும் இல்லை. ஒவ்வொரு சந்தையிலும் கழிவை ஒரு வாரம் எடை போட்டு, நாளொன்றுக்குரிய சராசரியைக் கிலோவில் கண்டு, அதனை இருபதால் வகுத்துப் பார்த்தால், அச்சந்தை நாள்தோறும் எத்தனை யூனிட் மின்சாரத்தைக் குப்பைமேட்டுக்கு அனுப்பி வருகிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். அந்த எண்ணைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. கம்பியைப் பற்றிய முடிவு அதன் பின்னரே எடுக்கத்தக்கது.